கேட்டுக்கொண்டே கிடந்தவர்கள்

மூளை நரம்பு ஆராய்ச்சியில் உதவியாளராக இருப்பது என்றால், பதில் சொல்ல முடியாதவர்களிடம் கேள்வி கேட்டுவிட்டு, கேள்வி கேட்கக் கூடாதவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பது. தற்காலிக நியமனத்தில் சேர்ந்து, "அடுத்த மாதம் நிரந்தரமாகிவிடும்" என்ற வாக்கியத்தைக் கேட்டே தலை நரைத்த வாசகர்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை. நீங்களும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள்.

பத்திரிகைக்கு வருவதற்கு முன் நான் தஞ்சாவூரில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தேன். கழக ஆட்சி வந்த புதிது. வயலில் கொடிக்கம்பு நட்டால் அதன் நிறத்தைப் பார்த்துவிட்டுத்தான் வரப்பில் ஏறுவார்கள். விலங்கியல் பட்டத்தோடு நின்ற என்னை டாக்டர் சபாநாதன் என்ற நரம்பு வைத்தியர் சேர்த்துக்கொண்டார். அவருடைய ஆராய்ச்சி கட்டுவிரியன் கடித்தவர்களைப் பற்றியது. அது அங்கீகாரம் பெற்றால் சென்னையில் கையெழுத்தாகித் தனிப் பிரிவு வரும், பிரிவு வந்தால் எனக்கு நிரந்தர வேலை வரும் என்பது ஏற்பாடு.

கட்டுவிரியனைப் பற்றி ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எலியைத் தேடி வைக்கோலுக்கும் நெல்லுக்கும் வரும் பாம்பு அது. தரையில் படுத்திருப்பவரைக் கடித்தால் பெரிதாக வலிக்காது. நரம்பு சொல்வதைத் தசை கேட்காமல் விஷம் நடுவில் நின்றுவிடும். இமை விழும், நாக்கு விழும், கைகால் விழும், கடைசியில் நெஞ்சு நிற்கும். கண்ணில் டார்ச் அடித்தால் கண்மணி சுருங்காது. பார்ப்பவருக்குப் பிணம். தொண்டையில் குழாய் போட்டு, ரப்பர் பையை விடாமல் கையால் அமுக்கி மூச்சுக் கொடுத்தால் சில நாளில் எழுந்துவிடுவார். அதுவரைக்கும் உள்ளே விழித்திருக்கிறார், எல்லாம் கேட்கிறது என்பது டாக்டரின் கட்சி. மற்ற டாக்டர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, எனக்குச் சம்பளம் கொடுத்தவர் அவர்.

தோடு

முதலில் வந்தவள் திருவாரூர்ப் பக்கத்துப் பெண். ஊர் வைத்தியர் கையை விரித்தாயிற்று, பறைக்கு ஆள் போயாயிற்று. யாரோ ஒருவர் உடம்பு சூடாக இருக்கிறது என்று சொல்லி டாக்ஸியில் ஏற்றிவிட்டார். எங்கள் மூளை அலை மெஷினை மாட்ட மண்டையில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கக் கூடாது. ஸ்டெல்லா சிஸ்டர் சீயக்காய் போட்டு அவள் தலையைக் கழுவியபோது, கூட வந்த நாத்தனார் அலறினாள்: "இன்னும் வீட்டுக்கே கொண்டுபோவலை, அதுக்குள்ள குளிப்பாட்டுறீங்களே!"

மெஷினில் பேனா முள்கள் வரிசையாகக் காகிதத்தில் கீறிக்கொண்டு போகும், கோழி தரையைக் கிளறுகிற சத்தம். அலைகள் ஒரே சீராக வந்தன. டாக்டர் அவள் புருஷனைப் பேர் சொல்லிக் கூப்பிடச் சொன்னார். கூப்பிட்டான். இமை அசையவில்லை, விரல் அசையவில்லை. பேனா முள்கள் மட்டும் சட்டென்று தடம் மாறின. புருஷன் காகிதத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், பிறகு சுவரோரமாகப் போய் உட்கார்ந்துகொண்டான்.

குழாயை எடுத்ததும் அவள் தண்ணீர் கேட்கவில்லை. தலையைத் திருப்பி நாத்தனாரைத் தேடினாள். குரல் உடைந்திருந்தாலும் கேள்வி தெளிவாக இருந்தது: "தோடு கழண்டு வரலைன்னு காதுல எண்ணெய் விட்டியே அண்ணி, அதை எங்க வச்சிருக்கே?"

காதில் ஒரு சொல்

அந்தத் தோட்டை நம்பாத டாக்டர்கள் இருந்தார்கள். காது வெறுமையாக இருப்பதைத் தடவிப் பார்த்துத் தெரிந்துகொண்டிருப்பாள் என்றார்கள். அதனால் டாக்டர் சபாநாதன் ஒரு முறை கண்டுபிடித்தார். அசைவில்லாமல் கிடக்கும் ஒவ்வொருவர் காதிலும் தினம் காலையில் நான் குனிந்து ஒரு சொல் சொல்ல வேண்டும். நோய், சாமி, குடும்பம் எதற்கும் சம்பந்தமில்லாத சொல். பூசணிக்காய், தபால்பெட்டி, பம்பரம், இப்படி. எழுந்த பிறகு கேட்போம். நான் மந்திரம் ஓதுவதாக நினைத்து உறவுக்காரர்கள் வாழைப்பழம் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒருவர் தன் மாட்டுக்கும் ஓதச் சொன்னார்.

கோடியக்கரையில் படகடியில் படுத்திருந்தபோது கடிபட்ட மீனவர் ஒருவர் எழுந்ததும், என்ன சொல் என்று கேட்டேன். "பம்பரம்னீங்க" என்றார். எனக்கு மகிழ்ச்சி. அவர் நிறுத்தவில்லை. "நீங்க வர்றதுக்கு முன்னாடியே பக்கத்துக் கட்டில்காரரு சொல்லிட்டாரே. ஒரு பையன் வந்து பம்பரம்னு சொல்லுவான், பயப்படாதேன்னாரு."

பக்கத்துக் கட்டில்காரரும் விரியன் கடித்தவர்தான். அவர் தொண்டையிலும் குழாய் இருந்தது. வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசாமலே இறந்துபோனார். மீனவர் காதில் நான் குனிந்த காலையில் அந்தக் கட்டிலில் விரிப்புகூட இல்லை. அதற்கு முந்தின நாள் நான் அந்த இறந்தவர் காதில் அதே சொல்லைச் சொன்னது உண்மை. அது மீனவர் காதில் விழுந்து, மயக்கத்தில் வேறு விதமாகச் சேர்ந்திருக்கலாம். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எதற்கும் டாக்டரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்: "பம்பரத்தை எழுதுங்க, பக்கத்துக் கட்டிலை எழுதாதீங்க. எழுதினா பம்பரத்தையும் நம்ப மாட்டாங்க."

இன்ஸ்பெக்டரின் ஆர்வம்

மெஷினின் புகழ் மெல்லப் பரவியது. உள்ளே இருப்பதை வெளியே எழுதும் பெட்டி என்று பேச்சு. வார்டில் சத்தம் குறைந்துவிட்டது. விரியன் கடித்தவர் படுத்திருக்கும் பக்கம் போகும்போது உறவுக்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு போனார்கள். பங்காளிகள் வெளியே வேப்பமரத்தடிக்குப் போய்ப் பேசினார்கள். ஆஸ்பத்திரிகளில் நோயாளிக்காகக் குரலைத் தாழ்த்துவார்கள். எங்கள் வார்டில் நோயாளிக்குப் பயந்து தாழ்த்தினார்கள்.

ஒரு நாள் போலீஸ் ஒரு கூலியாளைக் கொண்டுவந்தது. அறுவடைக் கூலித் தகராறில் வைக்கோல் போர் எரிந்திருந்தது. அந்த ஆள் மண்டையில் அடிபட்டுக் கண் மூடிக் கிடந்தார். யார் அடித்தது என்று யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கூட வந்த இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, போருக்குத் தீ வைத்தது யார் என்று மெஷினில் எழுத வைக்க முடியுமா என்று மரியாதையாகவே கேட்டார். டாக்டர் மெஷினை மாட்டிப் பார்த்துவிட்டு, இது அதெல்லாம் சொல்லாது, ஆள் தூங்குகிறானா விழித்திருக்கிறானா என்பதைத்தான் சொல்லும் என்றார்.

இன்ஸ்பெக்டர் காகிதத்தின் மேல் குனிந்து கோடுகளைப் பார்த்தார். பிறகு கட்டிலைப் பார்த்தார். "முழிச்சிருக்கானா, அதைச் சொல்லுங்க போதும். மிச்சத்தை நாங்க பாத்துக்கறோம்."

டாக்டர் ஸ்விட்சை அணைத்தார். கரண்ட் போய்விட்டது என்றார். மின்விசிறி எங்கள் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்தது. இன்ஸ்பெக்டர் அதையும் அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் போனார்: "சரிங்க டாக்டர், கரண்ட் வரும்போது வர்றேன்."

நீல விரல்

இனிமேல் வருவதெல்லாம் ஒரே ஆளைப் பற்றியது. குடவாசலுக்குப் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்த கலியபெருமாள், ஒரு மிராசுதாரின் பத்து மா நிலத்தை, அதாவது மூன்று ஏக்கருக்குச் சற்று மேல், குத்தகைக்குச் சாகுபடி செய்தவர். குத்தகைக்காரர் பெயரை அரசாங்கத்தில் பதிந்துவிட்டால் அவரைச் சுலபத்தில் வெளியேற்ற முடியாது என்று சட்டம் வந்திருந்த நேரம். அதனால் பதிவதற்கு முன்பே, "நானே மனமுவந்து நிலத்தை விட்டுக்கொடுக்கிறேன்" என்று எழுதி வாங்கும் வேலை எங்கும் மும்முரமாக நடந்தது. மிராசுதாரின் ஏஜெண்ட் பல தடவை வந்து கேட்டும் கலியபெருமாள் கைநாட்டு வைக்கவில்லை. அந்தப் பத்து மாவை விட்டால் அவர் வீட்டில் உலை வைக்க வேறு வழி கிடையாது.

அவரைக் காலையில் கொண்டுவந்தார்கள். மூச்சு நின்றுகொண்டிருந்தது. டியூட்டி டாக்டர் கேஸ் ஷீட்டில் "நினைவு இல்லை" என்று எழுதினார், டாக்டர் சபாநாதன் கீழே கையெழுத்துப் போட்டார். விரியன் கேஸ் எல்லாவற்றுக்கும் அப்படி எழுதுவதுதான் வழக்கம், ஆராய்ச்சி வேறு, கேஸ் ஷீட் வேறு. இடது கையைப் பலகையில் வைத்துக் கட்டி மருந்து ஏற்றினார்கள். ரப்பர் பையை மனைவி அஞ்சம்மாளும் தம்பி பக்கிரிசாமியும் மாற்றி மாற்றி அமுக்கினார்கள். பக்கிரிசாமி யாரிடமும் அதிகம் பேசவில்லை. "பொழைப்பாரா சார்?" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தான். டியூட்டி டாக்டர் உதட்டைப் பிதுக்கியதை அவன் பார்த்துவிட்டான். நான் கலியபெருமாள் காதில் "சைக்கிள் மணி" என்று சொன்னேன்.

மறுநாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வரும்போது மாடிப்படியில் இரண்டு பேர் எதிரே இறங்கினார்கள். ஒருவர் கையில் தோல் பை. வார்டில் பக்கிரிசாமி தனியாக ரப்பர் பையை அமுக்கிக்கொண்டிருந்தான், வழக்கத்தை விட வேகமாக. அஞ்சம்மாளைக் காப்பி வாங்க அனுப்பியிருந்தான். நான் கலியபெருமாளின் வலது கையைப் பார்த்தேன். கட்டைவிரல் நுனி நீலமாக இருந்தது. மூச்சுப் போதாமல் உடம்பு நீலம் பூக்கிறது என்று எண்ணி ஓடிப்போய் ஸ்டெல்லா சிஸ்டரைக் கூட்டிவந்தேன். அவர் நகத்தைப் பார்த்தார், உதட்டைப் பார்த்தார், ஸ்பிரிட் பஞ்சால் விரலைத் துடைத்தார். பஞ்சு நீலமாயிற்று. அதை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"நோய் இல்ல தம்பி இது, மை."

எழுந்தவர்

சில நாள் கழித்து, முதலில் ஒரு இமை மயிரிழை உயர்ந்தது. உள்ளேயிருந்து பார்க்கிற கண்ணை அப்போதுதான் முதலில் பார்க்கிறோம், ஆனால் அது நம்மை முதல் தடவையாகப் பார்ப்பதுபோல் இருக்காது. அந்தச் சங்கடம் எனக்குக் கடைசிவரை பழகவில்லை. கலியபெருமாளின் கண் என்னைத் தாண்டிப் பையை அமுக்குகிற கைகள்மேல் போய் நின்றது. பக்கிரிசாமி பையை அஞ்சம்மாளிடம் கொடுத்துவிட்டு வெளியே போனான். போனவன் வரவில்லை.

குழாயை எடுத்ததும் டாக்டர் ஆவலாக முன்னால் வந்தார். "சைக்கிள் மணி" என்றார் கலியபெருமாள், கேட்பதற்கு முன்பே. இவ்வளவு சுத்தமான கேஸ் அதுவரை கிடைத்ததில்லை. டாக்டரின் முகத்தில் தனிப் பிரிவே தெரிந்தது. என் முகத்தில் நிரந்தர வேலை தெரிந்திருக்கும்.

கலியபெருமாள் மேலே பேசினார். ஏஜெண்டின் குரலை அப்படியே சொன்னார்: "'போற உசிரு போவுது பக்கிரி, பத்து மாவும் கூடவே போவணுமா? உன் பேருக்கு அஞ்சு மா விடச் சொல்றேன்'னாரு. அப்புறம் மைப்பெட்டியைத் திறந்தாங்க. விரல்ல சில்லுன்னு இருந்துச்சு. இழுத்துக்கணும்னு நினைக்கிறேன், கை வரலை. கத்தணும்னு நினைக்கிறேன், தொண்டை இல்லை. என் கையை வேற யாரோ வச்சிருக்கிற மாதிரி இருந்துச்சு சார்." அஞ்சம்மாள் முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு சொன்னாள்:

"செத்திருந்தா அழுது பொரண்டிருப்பான். பொழைச்சதுக்கு ஓடிட்டான்."

வக்கீல் சொன்ன யோசனை

நிலத்தை விட்டுக்கொடுத்த பத்திரம் குத்தகை வழக்குகளை விசாரிக்கும் ரெவின்யூ கோர்ட்டுக்கு வந்தது. "பூரண சுயநினைவோடு, யாருடைய தூண்டுதலும் இல்லாமல், ஆஸ்பத்திரியில் வைத்து இடது கைப் பெருவிரல் ரேகை வைத்தேன்" என்று எழுதியிருந்தது. ஆண்களுக்கு இடது கை, பெண்களுக்கு வலது கை. பத்திரம் எழுதுகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு எழுதும் வாசகம் அது. சாட்சிகள் இரண்டு பேர்: ஏஜெண்டும் பக்கிரிசாமியும்.

விவசாயிகள் சங்கம் அமர்த்திய வக்கீல் சந்தோஷமாக இருந்தார். "கேஸ் ஷீட்ல நினைவு இல்லைன்னு இருக்கு. நினைவு இல்லாத ஆளுக்கு ஏது சம்மதம்? ஒரே நாள்ல முடிச்சிடலாம். ஒண்ணே ஒண்ணு, டாக்டர் தன் ஆராய்ச்சியைப் பத்தி வாயைத் திறக்கக் கூடாது. கலியபெருமாளும், எனக்கு எதுவும் தெரியாதுன்னு சொல்லிடணும்." யோசனை நல்லதுதான். ஆனால் டாக்டர் அதற்குள் சென்னையில் ஒரு கூட்டத்தில் தன் முடிவுகளைப் படித்துவிட்டார். ஒரு தினசரி அதைப் பேய்க்கதை மாதிரித் தலைப்புப் போட்டு வெளியிட்டும்விட்டது. எதிர்த்தரப்பு வக்கீல் அதைக் கத்தரித்து வைத்திருந்தார். நினைவு இருந்தது என்று ஆகிவிட்டால், சம்மதித்துத்தான் ரேகை வைத்தான் என்று இரண்டு சாட்சிகள் சொல்வார்கள். இல்லை என்று சொல்லக் கலியபெருமாள் ஒருவர்தான். பத்து மாவும் அந்த இடத்தில் தொங்கியது.

நான் பஸ் ஸ்டாண்டு வரை கலியபெருமாளோடு நடந்தேன். என்ன முடிவு செய்தீர்கள் என்று கேட்டேன். அவர் நின்றார். தன் வலது கட்டைவிரலை மற்ற விரல்களால் மூடிக்கொண்டிருந்தார். அந்தப் பழக்கம் எழுந்ததிலிருந்து வந்தது.

"ஊர்ல எல்லாரும் என்னைச் செத்தவன்னு பேசினாங்க, கேட்டுக்கிட்டுக் கிடந்தேன். இப்ப அதையே நானும் சத்தியம் பண்ணிச் சொன்னாத்தான் வயல்னா, அந்த வயல்ல இறங்கி உழறது யாரு சார்?"

இடது கை

கோர்ட்டில் முதலில் ஏஜெண்ட் கூண்டில் ஏறினார். பட்டைக் கரை வேட்டி, நிதானமான ஆள். கலியபெருமாள் விழித்திருந்ததாகவும், தலையசைத்ததாகவும், "அவனே இடது கையை நீட்டினான்" என்றும் சொன்னார். பக்கிரிசாமி அடுத்து ஏறி, ஏஜெண்ட் சொன்னதைத் தரையைப் பார்த்துத் திருப்பிச் சொன்னான்.

பிறகு டாக்டர். எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு கையில் கேஸ் ஷீட்டையும் இன்னொரு கையில் பத்திரிகைத் துண்டையும் பிடித்துக்கொண்டு சொன்னார்: "இது உண்மைன்னா அது பொய். அது உண்மைன்னா இது பொய். ரெண்டுலயும் உங்க பேர் இருக்கு. நினைவு இருந்துச்சா, இல்லையா?" இல்லை என்றால் ஆராய்ச்சி அன்றோடு போயிற்று. இருந்தது என்றால் கையெழுத்துப் போட்ட கேஸ் ஷீட் பொய். எங்கள் வக்கீல் கண்ணாலேயே கெஞ்சினார். டாக்டர் கலியபெருமாளைப் பார்த்தார். அவர் லேசாகத் தலையசைத்தார். "இருந்தது" என்றார் டாக்டர். "கேஸ் ஷீட்டில் நான் போட்ட கையெழுத்து தப்பு. ஆனால் நினைவு இருந்தும் ஒரு விரலைக்கூட அசைக்கும் சக்தி அவருக்கு இல்லை." எதிர்த்தரப்பு வக்கீல் முதல் வாக்கியத்துக்கு நன்றி சொல்லி உட்கார்ந்தார்.

கடைசியில் கலியபெருமாள். சொன்னது கொஞ்சம்தான். "இடது கை பலகையில கட்டிக்கிடந்துச்சுங்க. மை வச்சது வலது கையில." எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, மயக்கத்தில் கண்ட கனவு என்றார். கலியபெருமாள் விசாரணை அதிகாரியின் மேஜைப் பக்கம் போய் இரண்டு கையையும் விரித்தார். கதிர் அறுக்கிறவர்களுக்கு வலது கையில் அரிவாள், இடது கையில் கதிர். வெட்டுப்படுவது எப்போதும் இடது கைதான். அவருடைய இடது கட்டைவிரலில் ரேகையைக் குறுக்கே பிளந்துகொண்டு ஒரு பழைய அரிவாள் தழும்பு கிடந்தது, எங்கே மை தடவி அழுத்தினாலும் வெள்ளைக் கோடாக விழும். அதிகாரி பத்திரத்தைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். குமாஸ்தாவை மைப்பெட்டி எடுத்துவரச் சொல்லி, இரண்டு விரலையும் காகிதத்தில் பதித்து, லென்ஸ் வைத்துப் பார்த்தார். அந்த நேரத்தில் கோர்ட்டில் இருந்த அமைதி எனக்குப் பழக்கமானது. எங்கள் வார்டில் கேட்ட அதே அமைதி. பத்திரத்தில் இருந்த ரேகையில் கோடு இல்லை. முழுசான, சுத்தமான வலது கட்டைவிரல்.

அதிகாரி லென்ஸை மேஜைமேல் வைத்துவிட்டு ஏஜெண்டைத் திரும்பிப் பார்த்தார்: "அவர் நீட்டினார், நீங்க பார்த்தீங்க. எந்தக் கைன்னு படுத்திருந்தவருக்குத் தெரியுது, நின்னுக்கிட்டிருந்த உங்களுக்குத் தெரியலையா?"

நடுவில் நின்றது

பத்திரம் செல்லாது என்றானது. கலியபெருமாள் பெயர் பதிவாயிற்று. டாக்டர் சபாநாதனைத் தண்ணீர் இல்லாத ஒரு ஜில்லாவுக்கு மாற்றினார்கள். அங்கே வயலும் கிடையாது, அவருக்கு வேண்டிய பாம்பும் கிடையாது. மிராசுதாரின் சம்பந்தி சென்னையில் செல்வாக்கானவர் என்று பேசிக்கொண்டார்கள். இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்பது எனக்குத் தெரியாது, தெரியாததைத் தெரியாது என்று எழுதத்தான் பிற்பாடு பத்திரிகையில் எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள். தனிப் பிரிவுக் கோப்பு எந்த மேஜையிலோ படுத்துக்கொண்டது. மெஷினுக்கு உறை போட்டு மூடினார்கள். எனக்கு நீட்டிப்பு வரவில்லை. அந்தப் பேய்த் தலைப்புப் போட்ட தினசரியிலேயே நிருபராகச் சேர்ந்தேன்.

நிருபராகக் குடவாசல் பக்கம் போனபோது கலியபெருமாளைப் பார்க்கப் போனேன். சம்பா நடவு முடிந்து வயல் பச்சை பிடித்திருந்தது. வாய்க்கால் மடையில் ஒருவன் குனிந்து மண் வெட்டிப் போட்டுக்கொண்டிருந்தான். நிமிர்ந்ததும் பார்த்தேன், பக்கிரிசாமி. என்னைப் பார்த்ததும் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த வரப்புக்குப் போய்விட்டான். அஞ்சம்மாள் மோர் கொண்டுவந்தாள். வீட்டில் எப்படி என்று கேட்டேன். "இவரு படுத்துக் கண்ணை மூடினா வீடே வாயை மூடிக்குது சார். பேசுங்கடா, நான் தூங்கலைன்னு இவரே சொல்ல வேண்டியிருக்கு" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் அவரைப் பார்க்காமல் சொன்னாள்.

அவள் போன பிறகு, எனக்கு வெகுநாளாக இருந்த ஒரு சந்தேகத்தைக் கேட்டேன். அன்று வார்டில் பையை அமுக்கப் பக்கிரிசாமியைத் தவிர ஆள் இல்லை. ஏஜெண்ட் ஒரு கையில் பத்திரத்தைப் பிடித்திருப்பார், கூட வந்தவர் மைப்பெட்டியைப் பிடித்திருப்பார். கலியபெருமாளின் விரலை எடுத்து வைத்தது யார்?

கலியபெருமாள் மடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் உள்ளே ஏறிக்கொண்டிருந்தது. "அவன்தான்" என்றார். "பையை விட்டுட்டு ரெண்டு கையாலயும் புடிச்சு வச்சான். மூச்சு நின்னுபோச்சு. உள்ளே இருட்டிக்கிட்டு வந்துச்சு. ஏஜெண்ட், 'வுடுறா, போய்ச் சேரட்டும்'னாரு."

கோர்ட்டில் இதைச் சொல்லியிருந்தால் தம்பி ஜெயிலுக்குப் போயிருப்பானே, ஏன் சொல்லவில்லை என்றேன். அவர் மடையை மிதித்துச் சரிசெய்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஏஜெண்ட் அப்படிச் சொன்ன பெறகும் திரும்ப அமுக்க ஆரம்பிச்சதும் அவன்தானே சார், அதையும் நான் கேட்டுக்கிட்டுத்தானே கிடந்தேன்."

இத்தனை வருஷம் பத்திரிகையில் ஊர் வம்பையெல்லாம் எழுதிப் பிழைத்தும், ஒருவர் கண்ணை மூடிப் படுத்திருக்கும் அறையில் நான் இன்றுவரை யாரைப் பற்றியும் பேசுவதில்லை, விண்ணப்பங்களில் 'ஆராய்ச்சி அனுபவம்' என்ற இடத்தில் என்னால் நேர்மையாக எழுத முடிந்தது அவ்வளவுதான்.